ஐவி ஆண்ட்டி வாங்காத மூன்று மோட்டார்கள்

எங்கள் கடையில் காத்திருப்பவர்களுக்கென்று நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உண்டு. தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சின்ன நகல் கடை அது. நான் அங்கே வேலை செய்கிறேன். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள், விண்ணப்பப் பாரம் நிரப்ப வருகிறவர்கள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐவி ஆண்ட்டி மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நகல் இயந்திரத்துக்கும் வாசலுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார். கடை முதலாளி தவுக்கே ஒருமுறை, இவருக்கு நாற்காலிக்குப் பதில் தண்டவாளம் போட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னார்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். ஹோட்டல் சலவை அறையில் வேலை முடித்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"வனஸ்ஸா, இத பிரிண்ட் போட்டுக் கொடு பிள்ள. வீட்டுக் கடன் கெடைக்காதுன்னுட்டான் பேங்குல. என்னான்னு கேட்டா, உங்க ரிப்போர்ட்ட நீங்களே எடுத்துப் பாருங்கங்கறான். எம் பையன் எட்ரியன்தான் எறக்கிக் கொடுத்தான். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

கைப்பேசியில் இருந்தது அவருடைய கடன் அறிக்கை. ஒரு மனிதர் எங்கெங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா, யாருக்கு ஜாமீன் நின்றார் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற தாள்கள். அச்செடுத்து வரிசையாகப் படித்தேன். ஆண்ட்டியின் பெயரில் ஒரு கடனும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில், மோட்டார்சைக்கிள் கடன்களைப் பற்றி மூன்று வரிகள் இருந்தன.

"ஆண்ட்டி, யாராச்சும் மோட்டார் வாங்க ஜாமீன் போட்டீங்களா?"

"நானா? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது லா."

"ஓட்டறதுக்கு இல்ல, ஜாமீன். மூணு மோட்டாருக்கு உங்க பேரு இருக்கு. ரெண்டு முடிஞ்சிருச்சு. ஒண்ணு பல வருஷமா கட்டாம நிக்குது."

ஆண்ட்டி நடப்பதை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து அவர் கைப்பேசி ஒலித்தது. திரையில் கோலாலம்பூர் எண்ணைப் பார்த்தார், சட்டென்று வெட்டிவிட்டார்.

"கேஎல் நம்பரு. திருட்டுப் பயலுக. போலீஸும்பான், கோர்ட்டும்பான், கடைசியில பேங்க் நம்பரக் கேப்பான். இந்த மாதிரி நம்பரு வந்தா நான் எடுக்கறதே இல்ல." பிறகு தாளைப் பிடுங்கி, எழுத்தைப் பார்ப்பவர்போல் வைத்துக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினார். "மூணு மோட்டாரு! ஒண்ணுல கூட நான் ஏறுனதில்லையே, பிள்ள."

அவருடைய பதற்றத்துக்குக் காரணம் உண்டு. கணவர் அல்போன்ஸ் அங்கிளுக்கு இந்த வருஷம் அறுபது வயது. எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் அவருக்கு வேலை. ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலிசெய்து சாவியைத் தோட்டக் கணக்கரான கிராணியிடம் கொடுத்துவிட வேண்டும். போன வாரமே கிராணி புதிதாக வந்த டிராக்டர் ஓட்டுநரைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, சமையலறை எந்தப் பக்கம், குளியலறை எந்தப் பக்கம் என்று காட்டினாராம். உள்ளே ஆண்ட்டி குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார்.

போவதற்கு ஓர் இடம் இருந்தது. தானா ராத்தாவுக்குக் கீழே அரசாங்கத் திட்டத்தில் கட்டிய மலிவு விலை அடுக்குமாடியில், குலுக்கலில் ஆண்ட்டியின் பெயருக்கு ஒரு வீடு விழுந்திருந்தது. மகன் எட்ரியன் பிரிஞ்சாங்கில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறான். அவன் சம்பளம் மட்டும் போதாது என்பதால் அம்மாவும் மகனும் சேர்ந்து வங்கியில் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் வங்கி சம்மதிக்காவிட்டால் வீடு காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

ஐவி ஆண்ட்டி பிறந்தது ரிங்லெட் பக்கம். கல்யாணமாகி எங்கள் தோட்டத்துக்கு வந்ததும் ஆயாக் கொட்டகையில் வேலை கிடைத்தது. அம்மாமார்கள் விடியும் முன்பே கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. நானும் அங்கே வளர்ந்தவள்தான். ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு, ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் அவரும் ஓடி ஓடி ஊட்டுவார். ஒரு பிள்ளை இடுப்பில் இருக்கும். நிற்கிற நேரத்தில் தொட்டில் கயிறு காலில் மாட்டியிருக்கும். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்தக் கொட்டகை மேட்டில் இருந்தது. தேயிலைக் காட்டுக்குள் இறங்கிவிட்டால் கைப்பேசி வேலை செய்யாது, லயத்திலும் அரைகுறைதான். மேட்டில் மட்டும் தெளிவாகக் கேட்கும். அதனால் எந்தப் பாரத்தில் 'தொடர்புகொள்ள வேண்டியவர்' என்று கேட்டாலும் எங்கள் லயத்தில் எல்லாரும் ஐவி ஆண்ட்டியின் பெயரைத்தான் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலைக்கு மனு, எதுவானாலும் அவர் பெயர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் ஆண்ட்டி மேட்டு விளிம்பில் நின்று கீழே இருக்கும் கொழுந்துக்காரர்களைப் பார்த்துக் கத்துவார். அவர் குரலுக்குக் கைப்பேசியே தேவையில்லை என்று என் அப்பா சொல்வார்.

பெயரோடு அடையாள அட்டையான ஐசியின் நகலும் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் டவுனுக்கு வர முடியாது என்பதால் ஆண்ட்டி மொத்தமாக நகல் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். யார் வந்து கேட்டாலும் டின்னைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டுவார். எதற்கு என்று கேட்கமாட்டார். விவரம் தெரிந்தவர்கள் நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, இது இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆண்ட்டியின் நகல்கள் எல்லாம் வெறுமையாகவே போயின.

அறிக்கையில் மூன்று கடனுக்கும் ஒரே தேதி போட்டிருந்தது. அதைச் சொன்னதும் ஆண்ட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மோட்டார் லோரி வந்த அன்னிக்கு!"

எனக்கும் நினைவு வந்தது. அப்போது நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சம்பள நாளில், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஒரு லோரி வந்து நின்றது. மேலே பளபளவென்று புதிய மோட்டார்கள். கீழே ஒரு குடை, ஒரு மேசை, இலவச மைலோ பானம். அங்கேயே பாரம் நிரப்பி அங்கேயே கையெழுத்துப் போட்டால் மறுவாரம் மோட்டார் வீட்டுக்கு வந்துவிடும். வாங்குவதாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேட்டுக்கு ஓடிவந்து, பிஸ்கட் டின்னிலிருந்து நகல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

"யாரு யாரு வாங்குனா?"

"சாம்பசிவம் அண்ணன். தவமலர். அப்புறம்..." ஆண்ட்டி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார். "மகேன். மருந்தடிக்கிற மகேன்."

தகவல் சொல்ல ஒரு பெயர் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டதால்தான் அவர்கள் ஆண்ட்டியின் நகலைக் கொடுத்தார்கள். கம்பெனியில் அதைக் கணினியில் ஏற்றியவர் ஜாமீன் கட்டத்தில் ஏற்றிவிட்டார். நாங்கள் அப்படித்தான் ஊகித்தோம். ஊகத்தை வங்கி ஏற்றுக்கொள்ளாது.

அறிக்கை கொடுக்கும் நிறுவனத்துக்கு எழுதினோம். கடன் கொடுத்தவர்கள் அனுப்பியதைத்தான் காட்டுகிறோம், திருத்தம் அவர்களிடமிருந்து வர வேண்டும் என்று பதில் வந்தது. அதனால் மோட்டார் கடன் கம்பெனிக்கு என் கடையிலிருந்தே அழைத்தோம். எடுத்தது ஒரு மலாய்ப் பெண், பொறுமையாகத்தான் பேசினார். தங்கள் பதிவில் ஐவி ஜாமீன்தாரர் என்றே இருக்கிறது என்றார். அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். மூலப் பத்திரம் வேறு ஊரில் ஒரு கிடங்கில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க ஆறேழு வாரம் ஆகும் என்றார். வாங்கியவரிடம் ஒரு பிரதி இருக்கும், மூவரில் ஒருவருடையது வந்தாலும் அன்றைக்குப் பதிந்த மூன்றையும் உடனே சரிபார்க்கலாம் என்றார். கடைசியாக, ஆண்ட்டியைப் 'புவான்' என்று மரியாதையாகக் குறிப்பிட்டு, கொஞ்சம் வருத்தத்தோடு, "புவானுக்கு எத்தனையோ தடவை அழைத்தோம். எடுக்கவே இல்லை. கடிதமும் திரும்பி வந்துவிட்டது" என்றார்.

கடித முகவரியாகக் கொட்டகையையே போட்டிருந்தார்கள். பிள்ளைகள் குறைந்து, கொட்டகையைப் பூட்டி வருஷங்கள் ஆகின்றன.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆண்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, அந்தத் திருட்டுப் பயலுக எல்லாம் இவங்கதானா?"

அன்று முதல் எந்த எண் வந்தாலும் எடுக்கத் தொடங்கினார். காப்புறுதி விற்பவர்கள், தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள், உண்மையான மோசடிக்காரர்கள் என்று எல்லாரிடமும், "ஐவிதான் பேசறேன், சொல்லுங்க" என்றார். ஒருவன் தன்னைப் போலீஸ் என்று சொல்ல, "போலீஸா? நல்லதாப் போச்சு. இங்க ஒரு மோட்டாரு கேஸு இருக்கு" என்று முழுக்கதையையும் அவனுக்குச் சொல்லிவிட்டார். அவனே வைத்துவிட்டானாம்.

முதலில் சாம்பசிவம் அண்ணனைப் பார்க்கப் போனார். எங்கள் லயத்திலேயே இருப்பவர். ஆலை வாசலில் காவல் வேலை. அன்று மாலை நானும் வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன்.

"அண்ணே, அந்த மோட்டார் பேப்பரு எங்க?"

"மோட்டாரோட போச்சு."

"மோட்டாரு எங்க?"

"நேப்பாளிக்கு வித்துட்டேம்மா. பேப்பரெல்லாம் சேத்துக் கொடுத்தாத்தான் வாங்குவேன்னான். பையோட கொடுத்துட்டேன்."

"அந்த நேப்பாளி எங்க?"

சாம்பசிவம் அண்ணன் மலைகளைப் பார்த்தார். "நேப்பாளத்துலதான் இருப்பான். பொண்டாட்டிக்கு மேலுக்கு முடியலன்னு போனவன் வரல."

"உங்களுக்கு ஒரு நகலு எடுத்து வெச்சுக்கணும்னு தோணலையா?"

"ஏம்மா ஐவி, நகலு எடுத்து வெக்கறதுக்குத்தான் நீ இருந்தியே."

ஆண்ட்டி திரும்பி நடந்தார். தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்தார்.

தவமலர் தோட்டத்தை விட்டுப் போய்ப் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சோளமும் சர்க்கரைவள்ளியும் வறுத்து விற்கிறார். பள்ளி விடுமுறை வாரம் அது. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வரை கார்கள் அசையாமல் நின்றன. பஸ்ஸில் பாதி வழி வந்ததும் ஆண்ட்டிக்குப் பொறுக்கவில்லை. இறங்கி நடப்போம் என்றார். பனிமூட்டத்துக்குள், கார்களின் ஓரமாக, சுற்றுலாக்காரர்கள் எங்களைப் படம் எடுக்க, வேகமாக நடந்தோம். நாங்கள் வந்த பஸ் சந்தை வாசலில் எங்களுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தது.

தவமலர் கரிப்புகைக்குள் நின்று சோளத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டவுடனே சிரித்துவிட்டார்.

"பேப்பரா? கடன் முடிஞ்ச அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்டி. முடிஞ்ச கடன் பேப்பரு வீட்ல இருந்தா இன்னொரு கடனக் கூட்டிக்கிட்டு வரும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. கற்பூரம் வெச்சுக் கொளுத்துனேன்."

"எனக்கு அது வேணும் தவம். வீடு போயிரும் எனக்கு."

"நீ ஏன் கண்டவனுக்கெல்லாம் ஐசி நகலு கொடுத்தே? கோயில்ல விபூதி கொடுக்கற மாதிரி கொடுத்தியே, அள்ளி அள்ளி."

"கேட்டவ நீதானே!"

"கேப்போம். கேக்கறவங்க கேக்கத்தான் செய்வோம்." தவமலர் இடுக்கியைக் கீழே வைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "மகேனப் பிடி. அவன் கடன்தானே முடியாம நிக்குது? முடியாத கடன் பேப்பர எவனும் கொளுத்தமாட்டான். திரிங்காப்ல பூத்தோட்டத்துல இருக்கான். ஆனா உன்னப் பாத்தா ஓடுவான், சொல்லிட்டேன். போன தீபாவளிக்கு இங்க வந்தவன், உன் பேர எடுத்ததும் சோளத்தப் பாதியில வெச்சுட்டுப் போயிட்டான்."

வறுத்த சோளம் இரண்டைக் காசு வாங்காமல் கொடுத்தார். ஆண்ட்டி அதைச் சாப்பிடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார்.

அன்று வீட்டில் அல்போன்ஸ் அங்கிள் தன் வழக்கப்படி மெதுவாக, "கெடைக்காட்டி விடு ஐவி. ஈப்போவுல தம்பி வீடு இருக்கு, மேல ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்கு" என்றார்.

"உங்க தம்பி பொண்டாட்டி அடுப்புல நான் போயி அனுமதி கேட்டுத் தண்ணி சுட வெக்கணுமா? எனக்கு என் சாவி வேணும். பொறந்ததுலருந்து எந்த வீட்டுக்கும் என் சாவின்னு ஒண்ணு இருந்ததில்ல."

ஆண்ட்டி ஏற்கெனவே கழுவியிருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், காய்கறி ஏற்றப் போகும் லோரி ஒன்றில் திரிங்காப் போனோம். மலிவாகப் பேசி இடம் பிடித்தது ஆண்ட்டிதான். படித்துச் சொல்ல என்னையும் இழுத்துக்கொண்டார். மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைகள். ஒரு கூரைக்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்தி வரிசைகள். கடைசியில் ஒரு பலகை வீடு. வாசலில் மகேனின் மனைவி புனிதா பூக்களைக் கட்டாகக் கட்டிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு இல்லீங்களே, அக்கா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாளி உருண்டது. செவ்வந்தி வரிசைகளுக்கு நடுவே ஒரு தலை குனிந்து ஓடுவது தெரிந்தது.

"டேய் மகேன்!"

கொட்டகை மேட்டில் நின்று கத்திய அதே குரல். பூத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். மகேனும் நின்றுவிட்டான். நாற்பதை நெருங்கிய ஆள், மழைச்சட்டையும் சேறு படிந்த பூட்ஸுமாக, திருடிப் பிடிபட்ட பள்ளிப் பையனைப்போலத் திரும்பி வந்தான். ஆண்ட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, மன்னிச்சிருங்கக்கா. நான் திருப்பிக் கொடுத்துரணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் நெனப்பேன்."

"என்னாத்த திருப்பிக் கொடுப்ப?"

"நீங்க கட்டுன காச."

ஆண்ட்டிக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. புனிதாதான் மெல்ல விளக்கினார். கூட்டாளி ஒருவனோடு போட்ட முட்டைக்கோசு பயிர் மழையில் அழுகிப் போன வருஷம் தவணை நின்றிருக்கிறது. அப்போது ஒருநாள் கம்பெனியிலிருந்து, நீ கட்டாவிட்டால் உன் ஜாமீன்தாரர் ஐவியிடம் கேட்போம் என்று மகேனிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இவர்கள் இங்கே மாறி வந்தார்கள், மகேன் எண்ணையும் மாற்றினான். ஆள் தேடி யாரும் வரவில்லை. அதனால் அக்கா சத்தமில்லாமல் கட்டி முடித்துவிட்டார் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

"உங்க அம்மா தவறுன அன்னிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் வந்தேங்க்கா" என்றான் மகேன். "உள்ள வர மூஞ்சி இல்ல. திரும்பிட்டேன்."

ஆண்ட்டி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது கோபமாகிவிட்டது. "ஏன்டா, நான் எதுக்குடா உன் மோட்டாருக்குக் காசு கட்டணும்? சலவைத் துணி மடிக்கிறவ நான்! ஒரு சல்லி கட்டல. அவங்க கூப்பிட்டதக்கூட நான் எடுக்கல. அந்தக் கடன் அப்படியே நிக்குது, என் தலையில நிக்குது. வீடு கெடைக்கல எனக்கு!"

மகேன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி என்றுதான் எனக்குத் தோன்றியது. யாருக்கும் தான் நன்றிக்கடன் படவில்லை என்கிற நிம்மதி. அடுத்த கணமே அது போய்விட்டது. கடன் முடியவில்லை.

பிரதி இருக்கிறது என்றான். வீட்டுப் பக்கவாட்டில் அந்த மோட்டார் தகரத்தில் சாய்ந்து கிடந்தது; சக்கரத்தில் புல் ஏறியிருந்தது. எல்லாக் காகிதங்களும் சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் பைக்குள். சாவி தொலைந்துபோய்விட்டது.

"ஒடச்சு எடு."

மகேன் நகரவில்லை. "எடுத்துக் கொடுத்தா கம்பெனிக்கு நான் இருக்கற எடம் தெரிஞ்சிரும்க்கா. இப்பத்தான் கொஞ்சம் தலையெடுத்திருக்கோம். லோரிய என் பொறுப்புல கொடுக்கறேன்னு தோட்டத்து மொதலாளி சொல்லியிருக்காரு. பழைய கடன் இருக்குன்னு தெரிஞ்சா..."

"எனக்கு மாசக் கடைசி வரைக்கும்தான்டா டைம்."

"யோசிச்சுச் சொல்றேங்க்கா."

"எட்டு வருஷமா யோசிச்சது பத்தலையா?"

அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூறல் பிளாஸ்டிக் கூரையில் சடசடவென்று விழுந்தது. பிடுங்கிக்கொண்டு போக ஆண்ட்டிக்கு மனம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை. மோட்டாரை இரண்டு முறை சுற்றி வந்தார். சீட்டை ஒருமுறை தட்டினார். பிறகு வா பிள்ள என்று என்னை அழைத்துக்கொண்டு லோரியை நோக்கி நடந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. ஆண்ட்டி காலையில் வேலைக்குப் போகும் வழியிலும் மாலையில் திரும்பும் வழியிலும் கடைக்குள் எட்டிப் பார்த்தார். ஏதாச்சும் வந்துச்சா என்பார். என்ன வரும், எங்கிருந்து வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சலவை அறையில் ஜோடி மாற்றித் துணிகளை மடித்துவிட்டார் என்று சூப்பர்வைசர் திட்டினாராம். எட்ரியன் வங்கியில் கூடுதல் நாள் கேட்டுப் பார்த்தான். வங்கிக்குத் தடையில்லை, ஆனால் வீட்டுத் திட்டத்தின் தேதி மாறாது என்றார்கள். அல்போன்ஸ் அங்கிள் ஆலையிலிருந்து அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து அடுக்கத் தொடங்கினார். ஆண்ட்டி ஒரு பெட்டியைக்கூட நிரப்பவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கடை வாசலில் ஒரு பூ லோரி வந்து நின்றது. செவ்வந்திப் பெட்டிகளுக்கு நடுவில், கயிற்றால் கட்டி, அந்த மோட்டார் நின்றது. மகேன் குதித்து இறங்கினான்.

"பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு. ஒடச்சா உள்ள பேப்பரு கிழிஞ்சிரும்னு பயமா இருந்துச்சு. அதான் முழுசாக் கொண்டாந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "புனிதா ரெண்டு நாளா என்கூடப் பேசல. கட்டாத காசுக்கே அக்காகிட்ட நன்றியோட இருந்தோம், இப்ப ஒரு பேப்பரு கேட்டா ஓடறீங்களேன்னா" என்றான்.

பக்கத்துப் பட்டறைச் சீனர் வந்து பூட்டைப் பார்த்தார், எண்ணெய் விட்டார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு ஒரு உதை விட்டார். சீட்டு திறந்துகொண்டது. உள்ளே ஒரு மழைச்சட்டை, காய்ந்த ஸ்பானர், எலி கடித்த கையுறை, பிளாஸ்டிக் பை. தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆண்ட்டிக்குத் தகவல் அனுப்பிவிட்டு, மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஜாமீன்தாரர் பக்கத்தில் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. மூலைக்கு மூலை ஒரு கோடு அடித்திருந்தது. ஆண்ட்டியின் ஐசி நகல், தகவல் சொல்ல வேண்டியவர் என்கிற பகுதியோடு சேர்த்துக் குத்தியிருந்தது.

ஆண்ட்டி ஏப்ரனோடு ஓடி வந்தார். நான் தாள்களை ஸ்கேன் செய்து கம்பெனிக்கு அனுப்பியதும், மகேன் அவரிடம் கைப்பேசியைக் கேட்டான்.

"உங்க போன்லயே பேசறேங்க்கா. அந்த நம்பரத்தான் அவங்களுக்குத் தெரியும்."

நகல் இயந்திரத்தின் ஓரமாக நின்று, தன் பெயரையும் இருப்பிடத்தையும் மலாயில் சொன்னான். நீண்ட நேரம் 'யா, யா' என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆண்ட்டி வாசலுக்கும் அவனுக்கும் நடுவே நடந்தார். வைத்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வட்டியில கொஞ்சம் கொறைப்பாங்களாம். மாசா மாசம் கட்டணும்."

"கட்டு" என்றார் ஆண்ட்டி. "திரும்ப ஜாமீனு கேட்டான்னா என் பேரச் சொல்லித் தொலைக்காத."

மகேன் அன்றுதான் முதல்முறை சிரித்தான். போகும்போது லோரியிலிருந்து ஒரு கட்டுச் செவ்வந்தியை எடுத்துக் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் முழுக்க ஒன்றும் வரவில்லை. மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு முந்திய பிற்பகல், ஆண்ட்டி கடையில் நின்றுகொண்டிருக்கும்போது கேஎல் எண் ஒன்று ஒலித்தது. பாதி ஒலியிலேயே எடுத்தார். மூன்று பதிவுகளையும் நீக்கிவிட்டோம், புதிய அறிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று அதே பெண் சொன்னார். ஆண்ட்டி என்னைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார். பிறகு தன் மலாயில், "நீங்க நெஜமா கம்பெனிதானே? திருடங்க இல்லையே?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரிப்பது கடை முழுக்கக் கேட்டது.

புதிய அறிக்கையை அச்செடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எட்ரியன் அதை வாங்கிக்கொண்டு மோட்டாரில் வங்கிக்குப் பறந்தான். மறுநாள் மாலை நாலு மணிவாக்கில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. ஆண்ட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். சரிப்பா என்றார். சரிப்பா என்று மறுபடியும் சொன்னார்.

அதற்குள் சாம்பசிவம் அண்ணன் வாசலில் வந்து நின்றார். பேரப்பிள்ளையைத் தங்கும் விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார்களாம். தகவல் சொல்ல ஒரு பெயர் வேண்டுமாம். சொல்லும்போதே குரல் தயங்கியது. ஆண்ட்டி பையைத் துழாவி ஒரு நகலை எடுத்தார். நீட்டவில்லை. என்னிடம் அடிக்கோலும் பேனாவும் வாங்கி, நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார்: பள்ளிக்கூடத்துக்கு மட்டும். தேதியும் போட்டார்.

"அம்மாடி, ஐவி துரைசாணி ஆயிட்டாளே" என்றார் சாம்பசிவம் அண்ணன்.

"வாங்கிட்டுப் போங்கண்ணே. இதயும் நேப்பாளிக்குக் கொடுத்துராதீங்க."

அவர் போனதும் ஆண்ட்டி சுற்றும் முற்றும் பார்த்தார். நீல நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவுக்கே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அந்த பஸ், நிலையத்துக்குள் நுழைவதற்குள் ஆண்ட்டி எழுந்துவிட்டார்.

"வனஸ்ஸா, அளக்கற டேப்பு இருக்கா பிள்ள? அந்த வீட்டு ஜன்னலு எத்தன அகலம்னு தெரியல. திரைத்துணி வாங்கணும்."

டேப்பை வாங்கிக்கொண்டு, ஏப்ரனைக் கழற்றாமலே, மலையிறக்கத்தில் நடக்கத் தொடங்கினார்.